பாலித் தீவின் பூத்தட்டு

பாலித் தீவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. தெருவில் நடக்கும்போது மலையையும் மேகத்தையும் பார்த்துக்கொண்டு நடக்காதீர்கள். காலடியைப் பார்த்து நடங்கள். வீட்டு வாசற்படியில், கடை முகப்பில், நடைபாதையில், நாற்சந்தியில், நிறுத்தி வைத்திருக்கும் மோட்டார் சைக்கிளின் மேல்கூட, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குருத்தோலைத் தட்டு இருக்கும். அதில் நாலு நிறத்தில் பூக்கள். பக்கத்தில் புகைந்துகொண்டிருக்கும் ஓர் ஊதுவத்தி. சில தட்டுகளில் ஒரு பிஸ்கோத்து, ஒரு மிட்டாய், ஏன், ஒரு சிகரெட்டுகூட இருக்கும்!

இந்தத் தட்டுக்குச் 'சானாங் சாரி' என்று பெயர். சாரி என்றதும் நம் பெண்மணிகள் புடவைக் கடையை நினைத்துக்கொள்ள வேண்டாம். 'சாரம்' என்று நாம் சொல்கிறோமே, அதுதான் அங்கே 'சாரி' என்பதற்குப் பொருள்.

பாலியைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் கோயில்களைப் பற்றி எழுதுவார்கள். நடனத்தைப் பற்றி எழுதுவார்கள். படிப்படியாக இறங்கும் நெல் வயல்களைப் பற்றி எழுதுவார்கள். எல்லாம் அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தீவின் சமயம் உயிரோடு இருப்பது இந்தச் சின்னத் தட்டில்தான் என்று எனக்குத் தோன்றிற்று. அதைச் செய்கிறவர்களும் வைக்கிறவர்களும் பெரும்பாலும் பெண்கள்.

ஜாவாவுக்குக் கிழக்கே ஒரு குறுகிய ஜலசந்தியைத் தாண்டினால் பாலி. ஏறக்குறைய 5,700 சதுர கிலோமீட்டர் பரப்பு. 2020-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி 43 லட்சம் மக்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேஷியாவில், இந்த ஒரு தீவில் மட்டும் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் ஹிந்துக்கள். 1343-ல் ஜாவாவின் மஜபாஹித் பேரரசு பாலியை வென்றது. பிற்காலத்தில் ஜாவா இஸ்லாத்தைத் தழுவியது. பாலி பழைய வழியிலேயே நின்றுவிட்டது. அதற்கெல்லாம் வெகு காலம் முன்பே நம் கரையோடு அதற்குத் தொடர்பு உண்டு. வடபாலியில் செம்பிரான் என்ற கடற்கரை ஊரில் தோண்டியபோது, அரிக்கமேட்டில் கிடைத்தது போன்ற பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. சுமார் இரண்டாயிரம் வருஷத்துப் பழைய சரக்கு!

சோறு வெந்ததும் முதல் பிடி

உபுத் என்ற ஊரில் ஒரு குடும்பத்தார் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். பாலி வீடு என்பது ஒரே கட்டிடமல்ல. மதில் சூழ்ந்த ஒரு வளவு. அதற்குள் படுக்க ஒரு கட்டிடம், சடங்குகளுக்கு ஒரு மண்டபம், சமையலுக்குத் தனியாக ஒன்று, நெல் சேமிக்க ஒரு களஞ்சியம் என்று தனித்தனியாக இருக்கும். மலைப் பக்கம் உயர்ந்தது, கடல் பக்கம் தாழ்ந்தது என்பது அவர்கள் கணக்கு. உபுத் போன்ற தென்பாலி ஊர்களில் வளவின் வடகிழக்கு மூலையில், அதாவது நம்முடைய ஈசானிய மூலையில், குடும்பக் கோயில் இருக்கிறது. சமையலறை தெற்கே. அது பிரம்மாவின் திசை. பாலியில் அக்கினிக்கு அதிபதி பிரம்மா.

வீட்டுக்கார அம்மாளை எல்லோரும் 'இபு' என்று அழைத்தார்கள். இபு என்றால் அம்மா. நானும் அப்படியே அழைத்தேன். அவருடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் ஒரே தரமாக இருந்தபடியால் சம்பாஷணை சிரமமில்லாமல் நடந்தது.

காலையில் சோறு வெந்ததும் இபு வாழையிலையைச் சிறு சிறு சதுரமாகக் கிழித்துக்கொள்வார். ஒவ்வொரு துண்டிலும் ஒரு சிட்டிகை சோறு. அதன் மேல் அன்றைய கறியிலே கொஞ்சம், இல்லாவிட்டால் ஒரு கல் உப்பு. அடுப்புக்கு ஒன்று, தண்ணீர் இருக்கும் இடத்துக்கு ஒன்று, அரிசிப் பானைக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று, குடும்பக் கோயிலுக்குச் சில. இதற்குச் 'சைபான்' என்று பெயர். இது முடியும் வரையில் வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது. இப்போது அங்கே காஸ் அடுப்பு வந்துவிட்டது. ஆனால் என்ன? காஸ் அடுப்பின் ஓரத்திலும் ஒரு இலைத் துண்டு!

இதற்கு அவர்கள் சொல்லும் காரணம் அழகானது. அடுப்பு, அம்மி, உரல், துடைப்பம், தண்ணீர்க் குடம் ஆகிய ஐந்து இடங்களிலும் இல்லத்தரசி தன்னை அறியாமல் எத்தனையோ சிறு உயிர்களைக் கொன்றுவிடுகிறாள். அதற்கு ஈடாகத்தான் முதல் பிடி சோறு. மனு தர்ம சாஸ்திரத்தில் உள்ள விஷயம் இது. நம்மில் பலர் ஏட்டோடு விட்டுவிட்டதை அந்த ஊர்ப் பெண்கள் காலைச் சமையலோடு சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பூத்தட்டு செய்யும் விதம்

சாயங்கால வேளையில் இபு மண்டபத்துத் திண்ணையில் உட்கார்ந்துகொள்வார். பக்கத்தில் ஒரு கட்டுக் குருத்தோலை. கையில் சின்னக் கத்தி. கத்தி போகும் வேகத்தைப் பார்த்தால் நமக்குப் பயமாக இருக்கும். பேச்சுப் பேச்சாக இருக்கும்போதே ஓலை சதுரத் தட்டாக மாறிவிடும். பூவை மறுநாள் காலையில் வைத்தால் போதும்.

முதலில் தட்டின் அடியில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றும் சேர்ந்த சின்னப் பொட்டலம் ஒன்று வைக்க வேண்டும். பிரம்மா, விஷ்ணு, சிவன் மூவருக்கும் அது அடையாளம். அது இல்லாவிட்டால் தட்டுக்கு மதிப்பில்லை. அப்புறம் பூக்கள். கிழக்கே வெள்ளைப் பூ, ஈசுவரனுக்கு. தெற்கே சிவப்பு, பிரம்மாவுக்கு. மேற்கே மஞ்சள், மஹாதேவனுக்கு. வடக்கே நீலம் அல்லது பச்சை, விஷ்ணுவுக்கு. வெள்ளைக்கு ஈழத்தலரியும் சிவப்புக்குக் காசித்தும்பையும் மஞ்சளுக்குச் செண்டுப்பூவும் வசதி. எல்லாவற்றுக்கும் நடுவே மணக்கும் ரம்பை இலையைப் பொடிப் பொடியாக நறுக்கித் தூவுவார்கள். சிலர் மேலே ஒரு காசும் வைப்பதுண்டு.

வைக்கும்போது இடுப்பில் ஒரு கச்சை கட்டிக்கொள்ள வேண்டும். ஊதுவத்தியை ஏற்றி, பூவினால் தீர்த்தம் தெளித்து, உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, அந்த மணத்தைத் தெய்வத்தின் பக்கம் மெதுவாக வீசி அனுப்புவார்கள். அவ்வளவுதான். ஒரு நிமிஷத்துக் காரியம். இபு நகர்ந்த மறு கணம் கோழி வந்து கொத்தும். நாய் வந்து பிஸ்கோத்தைக் கவ்விக்கொண்டு போகும். யாரும் விரட்டுவதில்லை. சாரத்தைத் தெய்வம் எடுத்துக்கொண்டாகிவிட்டது. மிச்சம் வெறும் இலையும் பூவும்தானே?

கோயில் திருவிழாவுக்கு எடுத்துப் போகும் படையல் வேறு வகை. பழமும் பலகாரமும் கோபுரம் போல் அடுக்கி, தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையாக நடந்து போவார்கள். பூஜை முடிந்ததும் அது வீட்டுக்குத் திரும்பி வந்து எல்லோருக்கும் பங்காகும். பிரசாதம் என்று நாம் சொல்வதை அவர்கள் 'லுங்சுரான்' என்கிறார்கள்.

ஒரு நாள் மனசில் இருந்ததைக் கேட்டேவிட்டேன். "இவ்வளவு அழகாகச் செய்கிறீர்கள். பொழுது விடிந்தால் எல்லாம் குப்பை. கஷ்டமாக இல்லையா, இபு?"

இபு கத்தியை நிறுத்தவில்லை. "நாளைக்கும் பசிக்கத்தானே போகிறது என்று இன்றைக்குச் சமைக்காமல் இருந்துவிடுகிறோமா?" என்றார்.

கீழே இருப்பவர்களுக்கும் பங்கு

உயரமான பீடத்தில் வைப்பது தெய்வங்களுக்கும் முன்னோர்களுக்கும். அப்படியானால் தரையில் வைப்பது யாருக்கு? பூதங்களுக்கு! பூதகாலர்கள் என்று சொல்லும் துஷ்ட சக்திகளுக்குத் தரைதான் இடம். பதினைந்து நாளைக்கு ஒரு முறை வரும் 'கஜெங் கிளிவோன்' அன்று வாசலில் பல நிறச் சோற்றோடு விசேஷமாகப் படைப்பார்கள். தீமையை அடியோடு அழித்துவிட முடியும் என்று பாலி மக்கள் நினைப்பதில்லை. பகலும் இரவும் போல நன்மையும் தீமையும் சேர்ந்தே இருக்கும். தீமையைப் பட்டினி போடாமல், அதன் இடத்தில் அமைதியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. கோயில் வாசல் சிலைகளுக்கு உடுத்தும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணிக்கு இதுதான் அர்த்தம்.

வாசலில் வைக்கும் இந்தப் பிடி சோற்றின் மிகப் பெரிய வடிவம் பெசாகி மகா கோயிலில் நூறு வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் ஏகாதச ருத்ர யாகம். 1963-ல் அதை நடத்தினார்கள். அந்தச் சமயத்திலேயே ஆகுங் எரிமலை வெடித்தது! ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டு போனார்கள். அந்த மலைச் சரிவிலேயே இருக்கும் பெசாகியை மட்டும் எரிமலைக் குழம்பு தொடாமல் ஒதுங்கிப் போயிற்று. யாகத்துக்கு நாள் குறித்தது சரியில்லை என்று பேசிக்கொண்டார்கள். 1979-ல் மறுபடியும் முறைப்படி நடத்தி முடித்தார்கள்.

2002 அக்டோபர் 12-ஆம் தேதி கூட்டா என்ற ஊரில் குண்டுகள் வெடித்து 202 பேர் உயிர் இழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். ஒரு மாதம் கழித்து, நவம்பர் 15-ஆம் தேதி, அதே இடத்தில் பாலி மக்கள் ஒரு பெரிய சுத்திச் சடங்கு செய்தார்கள். இறந்தவர் எந்த நாடு, எந்த மதம் என்று பார்க்காமல் எல்லா ஆத்மாக்களுக்கும் சேர்த்துப் பிரார்த்தனை. வாசலில் தினமும் வைத்துப் பழகிய கைகள் அன்றைக்கும் அதையே பெரிதாகச் செய்தன.

காலியாக இருக்கும் ஆசனம்

பாலிக் கோயில்களில் நம்மைத் திகைக்க வைப்பது ஒன்று உண்டு. முக்கியமான பீடம் காலியாக இருக்கும்! பத்மாசனம் என்று அதற்குப் பெயர். கல்லால் செய்த உயரமான ஆசனம். அதில் விக்கிரகம் கிடையாது. 'சங் ஹ்யாங் விதி' என்று அவர்கள் சொல்லும் பரம்பொருளுக்கு உருவமில்லை. அழைத்தால் வந்து அமர்வார் என்பது நம்பிக்கை. பிரம்மா, விஷ்ணு, சிவன் எல்லோரும் அவருடைய வடிவங்களே.

இந்த விளக்கத்தை அவர்கள் அரசாங்கத்துக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. சுதந்திரம் அடைந்த இந்தோனேஷியாவின் முதல் கொள்கை, கடவுள் ஒருவர் என்பது. ஆகவே பாலியின் வழிபாட்டை ஒரு மதமாகவே ஏற்கத் தயங்கினார்கள். வாதாடி, மனுக்கள் கொடுத்து, 1958-ல் அங்கீகாரம் பெற்றார்கள். மறு வருஷம் சமய விஷயங்களைக் கவனிக்க ஒரு பரிஷத்தும் ஏற்பட்டது. இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு 'த்ரி சந்த்யா' பாடம் உண்டு. காயத்ரியில் தொடங்கும் அந்த மூன்று வேளைப் பிரார்த்தனையைச் சிறுவர்களும் சிறுமிகளும் ஒன்றாக உட்கார்ந்து சொல்லுகிறார்கள்.

இருநூற்றுப் பத்து நாள் வருஷம்

பாலியில் ஒரு பஞ்சாங்கம் போதாது. சக வருஷக் கணக்கு ஒன்று. இது நம் நாட்டிலும் உள்ளதுதான், கி.பி. 78-ல் தொடங்குவது. இன்னொன்று 210 நாளில் முடிந்துவிடும் ஒரு சுற்று. பண்டிகைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது கணக்கில் வருகிறபடியால், ஒரே வருஷத்தில் இரண்டு தடவைகூடப் பண்டிகை வந்துவிடும். இல்லத்தரசிகளின் கதியை நினைத்துப் பாருங்கள்!

'கலுங்கான்' என்ற பண்டிகைக்கு முன்னோர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். பத்து நாள் கழித்து 'குனிங்கான்' அன்று விடைபெற்றுப் போகிறார்கள். வீட்டுக்கு வீடு உயரமான மூங்கிலைக் குருத்தோலையால் அலங்கரித்து வாசலில் நடுவார்கள். கலுங்கானுக்கு முதல் நாள் பன்றி அடிப்பார்கள். மாமிசம் பாலியில் படையலுக்கும் விலக்கல்ல; நம் வீட்டு மடிப் பாட்டிகள் இந்த இடத்தைப் படிக்காமல் தாண்டிவிடலாம். ஒரு சமாதானம்: அன்றைக்கு விடியற்காலையில் எழுந்து மாமிசத்தையும் மசாலாவையும் நறுக்கிப் பிசைந்து 'லாவார்' செய்வது ஆண்கள் பொறுப்பு!

சரஸ்வதி பூஜையும் உண்டு. அந்தச் சனிக்கிழமை புத்தகங்களையும் ஓலைச் சுவடிகளையும் தூசி தட்டி, அடுக்கி, படையல் வைப்பார்கள். பூஜை முடியும் வரையில் படிக்கக் கூடாது. எல்லா ஊர்ப் பிள்ளைகளும் இந்த ஒரு விதியை மட்டும் பிரியமாக அனுஷ்டிப்பார்கள் போலிருக்கிறது! அதற்கு இரண்டு வாரம் கழித்து இரும்புக்கு ஒரு நாள். முற்காலத்தில் குத்துவாளுக்குப் படைத்தது, இப்போது மோட்டார் காருக்கும் ஸ்கூட்டருக்கும் வந்திருக்கிறது.

சக வருஷப் பிறப்பு 'ஞெப்பி'. வேடிக்கையும் விருந்துமாக இருக்கும் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. காலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஆறு மணி வரை தீவே மௌனம். நெருப்பு மூட்டக் கூடாது, வேலை செய்யக் கூடாது, வெளியே போகக் கூடாது, கேளிக்கை கூடாது. விமான நிலையத்தையும் மூடிவிடுகிறார்கள். 2018 முதல் கைபேசியின் இணையத் தொடர்பைக்கூட நிறுத்திவிடுகிறார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள் பாலிப் பெண்ணின் அடுப்புக்கு ஓய்வு.

கைகளின் கணக்கு

இவ்வளவையும் செய்யும் பெண்ணின் நிலை என்ன? கலியாணம் ஆனதும் அவள் பிறந்த வீட்டுக் கோயிலில் முன்னோர்களிடம் முறைப்படி விடைபெற வேண்டும். அன்று முதல் அவள் பூத்தட்டு வைப்பது கணவன் வீட்டு முன்னோர்களுக்கு. மாதவிலக்கு நாட்களில் கோயிலுக்குள் போகக் கூடாது. அப்போது மாமியாரோ ஓரகத்தியோ வைப்பார்கள். குழந்தை பிறந்தால், குடும்பத்து முன்னோர் ஒருவரே திரும்பி வந்திருக்கிறார் என்று கொண்டாடுவார்கள். 105-ஆம் நாள் வரை அதன் பாதம் தரையில் படக் கூடாது. சில இடங்களில் 210-ஆம் நாள் வரை. அத்தனை நாளும் யாராவது தூக்கிவைத்துக்கொண்டே இருக்க வேண்டும். யார் தூக்குவது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இபுவின் மகள் ஓர் ஓட்டலில் வேலை பார்க்கிறாள். ஒரு வாரம் பகல் வேலை, மறு வாரம் இரவு வேலை. குருத்தோலை முடைய அவளுக்கு நேரம் ஏது? சந்தையில் தயாராகச் செய்த தட்டுகள் விற்கிறார்கள். அங்கே விடியுமுன்பே கூட்டம். முன்பு மூங்கில் ஈர்க்கால் குத்திச் சேர்த்த இடத்தில் இப்போது ஸ்டேப்ளர் கம்பி. ஓலையே உள்ளூரில் போதாமல் ஜாவாவிலிருந்து லாரியில் வருகிறது. பண்டிகைக் காலத்தில் ஓலையும் பூவும் விலை ஏறிவிடும். சிக்கனக் குடும்பங்கள் கையைப் பிசையும். ஆனால் அந்தத் தட்டுகளை முடைந்து விற்கிறவர்களும் பெண்கள்தான். ஒருத்திக்கு நேரம் மிச்சம், இன்னொருத்திக்கு ஜீவனம்.

மகளிடம் கேட்டேன்: "அம்மாவுக்குப் பிறகு இந்த வீட்டில் யார் செய்வார்கள்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அம்மா மாதிரி எனக்கு வராது. கடையில்தான் வாங்குவேன்" என்றாள். பிறகு, "ஆனால் வைப்பது நான்தான். அதற்கு ஆள் போட முடியாது" என்றாள்.

இபுவுக்கு இது காதில் விழுந்தது. சந்தோஷமா வருத்தமா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. கடையில் வாங்கும் தட்டில் வெற்றிலைப் பாக்குச் சரியாக இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்து வாங்க வேண்டும் என்று மட்டும் மகளுக்குச் சொன்னார். மகள் "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே கச்சையைக் கட்டிக்கொண்டாள். வேலைக்குக் கிளம்ப இன்னும் கால் மணி நேரம் இருந்தது. ஸ்கூட்டரின் மேல் ஒரு தட்டு வைத்து, தீர்த்தம் தெளித்து, ஊதுவத்தி புகைய ஆரம்பித்ததும் ஓட்டல் உடுப்பை மாட்டிக்கொள்ள உள்ளே ஓடினாள்.

இபு மறுநாளைக்கு வேண்டிய தட்டுகளை விரல் விட்டு எண்ணினார். குடும்பக் கோயில், அடுப்பு, தண்ணீர்க் குழாய், களஞ்சியம், வாசல், தெரு, ஸ்கூட்டர். எண்ணி முடித்துவிட்டு, இன்னும் ஓர் ஓலையைக் கையில் எடுத்தார்.

"இது எதற்கு, இபு?" என்றேன்.

"உங்கள் அறை வாசலுக்கு" என்றார்.